ரெண்டு பிஎச்டி ஆஃபர், ஒரு மாஸ்டர்ஸ், இன்னும் மூணு வாரம் – எதை எடுக்கறதுன்னு தெரியல

#1 முடிவெடுக்காதவள்

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப வேற வழியில்லாம எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கெமிக்கல் எஞ்சினியரிங் முடிச்சிட்டு மூணு வருஷம் ஒரு பேட்டரி கம்பெனில செல் டெஸ்டிங் பண்ணேன். காலைல சார்ஜ் போட்டு சாயங்காலம் டிஸ்சார்ஜ் பண்ணி கிராஃப் அனுப்பணும், அவ்வளவுதான். இந்த செல் ஏன் செத்துச்சுன்னு கேட்டா அது நம்ம வேலை இல்லம்மான்னுடுவாங்க. அந்த "ஏன்" தெரியணும்னுதான் அப்ளையே பண்ணேன். சாலிட் எலக்ட்ரோலைட் (பேட்டரிக்குள்ள திரவத்துக்கு பதிலா திடப்பொருள்) பக்கம் போகணும்னு ஆசை.

இப்ப கையில இருக்கறது:

அ) அமெரிக்காவுல பிஎச்டி. பேர் சொன்னா எல்லாருக்கும் தெரியுற யூனிவர்சிட்டி, ஃபீல்டுல பெரிய தலை ஒருத்தரோட லேப். லேப்ல முப்பது பேர் கிட்ட.

ஆ) இதுவும் அமெரிக்காவுல பிஎச்டிதான், ரேங்கிங்ல எங்கயோ நடுவுல. ப்ரொஃபசர் அங்க சேர்ந்து மூணாவது வருஷம், நாலே ஸ்டூடண்ட்ஸ். பதினஞ்சு நிமிஷ இண்டர்வியூன்னு சொன்னாங்க, ஒரு மணி நேரம் போச்சு. வேலையில நான் பாத்த ஒரு டெண்ட்ரைட் (செல்லுக்குள்ள ஊசி மாதிரி வளர்ற லித்தியம்) பிரச்சனைய சொன்னதும் "இருங்க இருங்க"ன்னு ஸ்க்ரீன் ஷேர் போட்டு அவங்க டேட்டாவ காட்ட ஆரம்பிச்சிட்டார்.

இ) ஐரோப்பாவுல ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ், தீசிஸ் உண்டு, ஃபண்டிங் கிடையாது.

ஏப்ரல் 15க்குள்ள பதில் சொல்லணும். வீட்ல எல்லாரும் அ தான்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. எனக்கு மனசு ஆ பக்கம் போகுது, ஆனா மனசு சொல்றத கேட்டுத்தான் அந்த கம்பெனில சேர்ந்தேன், அதான் பயமா இருக்கு.

#2 சோதனைக்குழாய்

இதுல யோசிக்க என்ன இருக்கு? கண்ண மூடிட்டு அ. அந்தப் பேர் ரெஸ்யூமேல சாகற வரைக்கும் இருக்கும். ஆ ப்ரொஃபசர் நல்லா பேசினார்னு அங்க போறது, கடைக்காரர் சிரிச்சார்னு துணி எடுக்கற மாதிரி.

#3 கணக்குப்புலி

கண்ண மூடிட்டு எடுக்க இது லாட்டரி சீட்டா?

அந்த ரேங்கிங்க யாராச்சும் பிரிச்சுப் பாத்திருக்கீங்களா. க்யூஎஸ் பட்டியல்ல 2024 பதிப்புலேருந்து 30 சதவீதம் மார்க், மத்த கல்வியாளர்கள்கிட்ட எந்த யூனிவர்சிட்டி நல்லா இருக்குன்னு கேட்டு வாங்குற அபிப்ராயம், இன்னொரு 15 சதவீதம் ஆள் எடுக்குற கம்பெனிகள்கிட்ட கேக்கறது. ஆக கிட்டத்தட்ட பாதி, கேள்விப்பட்டதுக்குக் கொடுக்கற மார்க். யூஎஸ் நியூஸ் போடுற கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பிஎச்டி பட்டியல் அதுக்கும் மேல, முழுக்க முழுக்க மத்த யூனிவர்சிட்டி ஆளுங்க ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள போடுற மார்க்கோட சராசரிதான். உன் ப்ரொஃபசர் மெயிலுக்கு பதில் போடுவாரா, சேர்ந்தவங்க முடிச்சு வெளிய வந்தாங்களா, இதுக்கெல்லாம் அதுல கட்டமே கிடையாது.

உங்க பேட்டரி ஃபீல்டையே எடுத்துக்கோங்க. லித்தியம் அயன் பேட்டரிக்கு 2019ல கெமிஸ்ட்ரி நோபல் மூணு பேருக்கு. அதுல விட்டிங்ஹாம் இருக்கற இடம் பிங்ஹாம்டன் யூனிவர்சிட்டி. ரேங்கிங் பாத்து அப்ளை பண்றவன் எத்தனை பேர் அதை லிஸ்ட்ல வச்சிருப்பான்?

#4 சோதனைக்குழாய்

நோபல் வாங்கின ஒருத்தர காட்டி ரேங்கிங் பொய்னு சொல்றது எந்த ஊர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார்? பேர் முக்கியமில்லைங்கறது பேர் இருக்கறவங்க பேசுற பேச்சு. ஃபேகல்டி வேலைக்கு அப்ளை பண்ணிப் பாருங்க, தெரியும்.

#5 கணக்குப்புலி

அடி பலமாத்தான் விழுந்திருக்கு, ஒத்துக்கறேன் :) ஃபேகல்டி விஷயத்துல நீங்க சொல்றது சரி. 2022ல நேச்சர்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 2011லேருந்து 2020 வரைக்கும் அமெரிக்க யூனிவர்சிட்டிகள்ல இருந்த ஃபேகல்டிய எல்லாம் எடுத்துப் பாத்தாங்க. அமெரிக்காவுலயே பிஎச்டி முடிச்சவங்கள்ல 80 சதவீதம் பேர் வெறும் 20.4 சதவீத யூனிவர்சிட்டிகள்லேருந்து வந்தவங்க. அதனால முடிவெடுக்காதவள், முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. ப்ரொஃபசர் ஆகணும்னு எண்ணம் இருக்கா? இருந்தா கணக்கு வேற, இல்லைன்னா வேற.

#6 முடிவெடுக்காதவள்

இல்லங்க. பாடம் எடுக்கறதுல ஆசையே இல்ல. கம்பெனி ஆர் அண்ட் டி, இல்ல நேஷனல் லேப் மாதிரி எங்கயாச்சும் லேப் பெஞ்ச் பக்கத்துலயே இருக்கணும்.

#7 நீலப்பேனா

அப்ப நான் கொஞ்சம் பேசலாம். மெட்டீரியல்ஸ் பக்கம் ஆர் அண்ட் டிக்கு ஆள் எடுக்கற இண்டர்வியூல வருஷா வருஷம் உக்கார்றேன். உண்மைய சொன்னா, பேர் இருந்தா ரெஸ்யூமே குவியல்லேருந்து மேல வரும், அதை மறைக்க வேணாம். உள்ள வந்து உக்காந்தப்புறம் அது அரை மணி நேரம்கூட தாங்காது. நான் கேக்கறது மூணுதான். எந்த மெஷின நீயே தனியா ஓட்டுவே, எது ஓடாம போச்சு, ஓடாதப்ப என்ன பண்ணே. முப்பது பேர் லேப்லேருந்து வர்ற சில பேர் "அந்த அளவெல்லாம் போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சிட்டு லேப்ல வேலை பாக்கறவங்க) எடுத்துக் கொடுப்பாங்க"ன்னு சொல்வாங்க, அங்கயே முடிஞ்சிடும்.

இ பத்தியும் ஒரு வார்த்தை. பெஞ்ச்தான் வேணும்னா மாஸ்டர்ஸோட உள்ள வந்து அப்புறமா டாக்டரேட் பண்ணவங்களும் இருக்காங்க. அதே 2019 நோபல்ல மூணாவது ஆளு யோஷினோ, கியோட்டோவுல மாஸ்டர்ஸ் முடிச்சு 1972ல அசாஹி கசெய் கம்பெனில சேர்ந்தவர், டாக்டர் பட்டம் வாங்கினது 2005ல ஒசாகாவுல. ஆனா ஃபண்டிங்கோட ரெண்டு பிஎச்டி கையில இருக்கறப்ப சொந்தக் காசு போட்டு மாஸ்டர்ஸ் போறதுக்கு நல்ல காரணம் வேணும். உங்க பதிவுல அது எனக்கு தெரியல.

#8 கம்பளிப்பூச்சி

ஐரோப்பால பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன். இ வேணாம்னு முழுசா தள்ளாதீங்க, ஏன்னா இங்க ரூட்டே வேற. பொலோனியா பிரகடனம் 1999ல வந்தப்புறம் பேச்சலர், மாஸ்டர்ஸ், டாக்டரேட்னு மூணு படி, பெரும்பாலான இடத்துல மாஸ்டர்ஸ் இல்லாம பிஎச்டிக்கு உள்ள விடமாட்டாங்க. ஆனா அந்தப் படிய ஏறிட்டீங்கன்னா பிஎச்டிங்கறது வேலை. நெதர்லாந்துல நாலு வருஷ காண்ட்ராக்ட், சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் உண்டு. ஜெர்மனில பல டிபார்ட்மெண்ட்ல 65 சதவீத போஸ்ட், அதுக்கேத்த சம்பளம்தான் கொடுப்பாங்க, வேலை மட்டும் நூறு சதவீதம் இருக்கும், அது வேற சோகம். அங்க கைடுக்கு பேரே டாக்டர் அப்பா, டோக்டர்ஃபாட்டர். பேருக்கு ஏத்த மாதிரி சில பேர், அப்பா மாதிரியே, அதிகம் பேச மாட்டாங்க.

அப்புறம் மேரி க்யூரி டாக்டோரல் நெட்வொர்க்னு ஐரோப்பிய யூனியன் காசு கொடுக்கற பிஎச்டி திட்டம் ஒண்ணு உண்டு, பேட்டரி டாபிக் அதுல அப்பப்ப வரும். அதுல ஒரு கண்டிஷன், வேலைக்கு எடுக்கறதுக்கு முந்தின 36 மாசத்துல அந்த நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஒரே நாட்டுல மாஸ்டர்ஸ் பண்ணிட்டு அங்கேயே மேரி க்யூரி எடுக்கலாம்னு கனவு கண்டு கடைசி நேரத்துல மாட்டினவங்கள பாத்திருக்கேன்.

#9 பாதியில்இறங்கியவன்

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நான் அ மாதிரி ஒரு இடத்துக்குப் போனவன், எந்த யூனிவர்சிட்டின்னு கேக்காதீங்க.

வந்த மொத வாரம் எனக்கு ஒரு டிராயர் கொடுத்தாங்க. அதுக்குள்ள முன்னாடி இருந்தவரோட லேப் நோட்புக் கிடந்துச்சு. எடுத்துப் படிச்சேன், அழகான கையெழுத்து, எல்லா பேட்ச்சுக்கும் தேதி, வெப்பநிலை, எடை. கடைசியா எழுதின பக்கத்துல "பேட்ச் 14, திரும்பவும் கறுப்பு" அப்படின்னு ஒரே வரி. அதுக்கப்புறம் எல்லாம் வெத்துப் பக்கம். அவர் எங்கேன்னு பக்கத்து பெஞ்ச்ல கேட்டேன், "போயிட்டார்"னாங்க. முடிச்சிட்டு போனாரா விட்டுட்டு போனாரான்னு கேக்கத் தோணல எனக்கு, அப்ப அந்த வித்தியாசமே தெரியாது.

ப்ரொஜெக்ட்டும் அதேதான் கொடுத்தாங்க. எனக்கும் கறுப்பாத்தான் வந்துச்சு. ப்ரொஃபசர தனியா பாக்கறது ஆறு வாரத்துக்கு ஒருக்கா, இருபது நிமிஷம், அதுல பாதி நேரம் நான் யாரு, என்ன ப்ரொஜெக்ட்னு அவருக்கு ஞாபகப்படுத்தறதுலயே போயிடும். அவர கெட்டவர்னு சொல்ல மாட்டேன், நல்ல மனுஷன்தான், முப்பது பேருக்கு பங்கு போட்டா யாருக்கும் எதுவும் மிஞ்சாது, அவ்வளவுதான். என்னை உண்மையா பாத்துக்கிட்டது ஒரு போஸ்ட்டாக். ரெண்டாவது வருஷ நடுவுல அவருக்கு வேலை கிடைச்சு போயிட்டார். அதோட எனக்கு கைடு போயிடுச்சு, பேப்பர்ல மட்டும் இருந்தார்.

மூணரை வருஷத்துல மாஸ்டர்ஸ் வாங்கிட்டு வெளிய வந்தேன். இன்னிக்கு நல்லாத்தான் இருக்கேன், ஆனா அந்த டிராயர தொறந்த அன்னிக்கே ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்.

#10 கணக்குப்புலி

இதுக்கு நம்பரும் இருக்கு. அமெரிக்காவுல கவுன்சில் ஆஃப் க்ராஜுவேட் ஸ்கூல்ஸ் நடத்தின பிஎச்டி முடிக்கற கணக்கு 2008ல வந்துச்சு, பத்து வருஷம் டைம் கொடுத்தும் முடிச்சவங்க மொத்தத்துல 57 சதவீதம்தான். எஞ்சினியரிங் 64, மேத்ஸும் பிசிக்கல் சயின்ஸும் சேர்ந்து 55, ஹ்யூமானிட்டீஸ் 49. பழைய கணக்குதான், ஆனா நூத்துக்கு நாப்பது பேர் பத்து வருஷத்துலயும் முடிக்காத ஒரு விஷயத்துக்கு நம்ம "அட்மிஷன் கிடைச்சிடுச்சு"ன்னு விழா எடுக்கறோம்.

#11 முடிவெடுக்காதவள்

பாதியில்இறங்கியவன் அண்ணா, படிச்சிட்டு ராத்திரி தூங்கல.

ஆஃபர் லெட்டர் ரெண்டையும் திரும்ப எடுத்துப் பாத்தேன். அ ல அஞ்சு வருஷம் ஃபண்டிங் உறுதின்னு தெளிவா இருக்கு, படிப்புல முன்னேற்றம் திருப்தியா இருக்கணும்னு மட்டும் கண்டிஷன். ஆ ல மொத வருஷம் டீச்சிங் அசிஸ்டண்ட்ஷிப் (பாடம் நடத்த உதவி, அதுக்கு சம்பளம்), அதுக்கப்புறம் "நிதி இருப்பைப் பொறுத்து" அப்படின்னு போட்டிருக்காங்க. இதை மொதல்ல படிச்சப்ப எனக்கு கண்ணுலயே படல. இப்ப ஆ மேல இருந்த ஆசையும் ஆட்டம் காணுது.

#12 பழையலேப்வாசி

கொஞ்சம் லேட்டா வந்தேன். பிஎச்டி, போஸ்ட்டாக் எல்லாம் முடிச்சு இப்ப ஒரு லேப்ல மெஷின் பாத்துக்கற வேலையில இருக்கேன், அதனால வர்றவங்க போறவங்க எல்லாரையும் பாக்குறேன்.

மொதல்ல பதறாதே. அந்த ஏப்ரல் 15 உன் கழுத்துக்கு கத்தின்னு நினைக்காதே, அது உன் பக்கம் இருக்கற தேதி. கணக்குப்புலி சொன்ன அந்த க்ராஜுவேட் ஸ்கூல்ஸ் கவுன்சிலோட தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட யூனிவர்சிட்டி எதுவும், ஃபண்டிங்கோட கொடுத்த ஆஃபருக்கு அந்த தேதிக்கு முன்னாடி பதில் சொல்லியே ஆகணும்னு உன்னை நெருக்க முடியாது. ஃபண்டிங் இல்லாத மாஸ்டர்ஸுக்கு இது பொருந்தாது, இ எப்ப கேக்கறாங்கன்னு தனியா பாத்துக்கோ.

அடுத்தது லெட்டர். "நிதி இருப்பைப் பொறுத்து"ங்கறது பயமுறுத்தற வரி இல்ல, கேள்வி கேக்க வேண்டிய வரி. ஆ டிபார்ட்மெண்ட்ல க்ராஜுவேட் ப்ரோக்ராம் டைரக்டர்னு ஒருத்தர் இருப்பார், ப்ரொஃபசருக்கு இல்ல, அவருக்கு எழுது. ப்ரொஃபசர்கிட்ட கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) தீர்ந்து போனா டிபார்ட்மெண்ட் டீச்சிங் அசிஸ்டண்ட்ஷிப் கொடுக்குமா, எத்தனை வருஷம் வரைக்கும் கொடுக்கும், கோடை மாசங்களுக்கு சம்பளம் உண்டா இல்ல ஒம்பது மாசம்தானா, ட்யூஷன் போக கட்ட வேண்டிய ஃபீஸ் என்ன, இன்சூரன்ஸ் யாரு கட்டுறாங்க, இதெல்லாம் கேளு. பதில் மெயில்ல வரணும். போன்ல சொன்னா "நன்றி, நீங்க சொன்னது இதுதானே"ன்னு நீயே டைப் பண்ணி அனுப்பி ஆமான்னு வாங்கிக்கோ. கோச்சுக்குவாங்களோன்னு நினைக்காதே, வருஷா வருஷம் கேக்கறாங்க.

மூணாவதுதான் நிறைய பேர் பண்றதில்ல. வேபேக் மெஷின்ல (வெப்பேஜ்களோட பழைய பிரதிய சேத்து வச்சிருக்கற சைட்) போய் அ லேப்போட வெப்பேஜ ஆறேழு வருஷம் பின்னாடி தொறந்து பாரு. அப்ப ஸ்டூடண்ட்ஸ்னு யார் யார் பேர் இருக்கோ எல்லாத்தையும் ஒரு ஷீட்ல எழுது. அப்புறம் அந்த யூனிவர்சிட்டி லைப்ரரில தீசிஸ் தேடு. யாருக்கு தீசிஸ் இருக்கு, யாருக்கு இல்ல, எந்த வருஷம் முடிச்சாங்க. லேப் வெப்பேஜ்ல முடிச்சவங்க பேர் மட்டும்தான் பழைய மாணவர்னு இருக்கும், காணாம போனவங்க பேரு அந்த மாதிரி பழைய பக்கத்துல மட்டும்தான் தங்கியிருக்கும்.

தீசிஸ் கிடைச்சா நன்றியுரை பக்கத்த மட்டும் படி. "என் கைடுக்கு நன்றி"ன்னு ஒரு வரில முடிச்சிட்டு ஒரு போஸ்ட்டாக்குக்கு ஒரு பத்தி எழுதியிருந்தா உண்மையான கைடு யாருன்னு தெரிஞ்சிடும். ஒரே லேப்லேருந்து நாலஞ்சு படிச்சா போதும்.

கடைசியா ஸ்டூடண்ட்ஸ்கிட்ட பேசு. ப்ரொஃபசர் கைகாட்டி விடுற ஆள் ஒருத்தர், நீயா தேடி எழுதுற ஆள் ஒருத்தர், முடிஞ்சா விட்டுட்டு போன ஆள் ஒருத்தர். லேப் எப்படி இருக்குன்னு கேக்காதே, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. கடைசியா ப்ரொஃபசர்கிட்ட தனியா எப்ப பேசினீங்க, உங்க மொத பேப்பர் டிராஃப்ட் அவர்கிட்ட எத்தனை நாள் கிடந்துச்சு, கடைசியா யார் லீவ் எடுத்தாங்கன்னு கேளு. தேதி கேட்டா பொய் சொல்றது கஷ்டம்.

#13 எறும்புப்புற்று

எல்லாரும் பெரிய லேப்ப போட்டு அடிக்கறீங்களே. நான் 28 பேர் லேப்ல நாலாவது வருஷம், ரொம்ப நல்லா இருக்கேன். சின்ன லேப்ல ஒரு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரேல படிக அமைப்ப பாக்கற மெஷின்) டைம் கிடைக்க வாரக்கணக்குல காத்திருக்கறவங்க இருக்காங்க, எங்களுக்கு மெஷின் உள்ளயே இருக்கு. ஏதாச்சும் தெரியலைன்னா திரும்பிக் கேக்க இருபது தலை இருக்கு. எங்க லேப்ல சப்குரூப் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீனியர் சயின்டிஸ்ட், அவங்க பர்மனெண்ட் ஆளுங்க, பாதில ஓடிப் போக மாட்டாங்க. பாதியில்இறங்கியவனுக்கு நடந்தது கஷ்டம்தான், ஆனா பெரிய லேப்ல யாரு கைய புடிச்சுக்கிட்டு நடக்கப் போறோம், அவங்க இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்கன்னு கேட்டா போதும். ஆள் எண்ணிக்கைய வச்சு முடிவு பண்ணாதீங்க.

#14 பாதியில்இறங்கியவன்

நியாயம். எனக்கு அந்த சீனியர் ஆள் இல்ல.

#15 இடைச்செருகல்

நடுவுல ஒரு கேள்வி, ஜிஆர்இ (க்ராஜுவேட் அட்மிஷனுக்கான டெஸ்ட்) இன்னும் எழுதணுமா? அடுத்த வருஷம் அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்.

#16 கம்பளிப்பூச்சி

நிறைய டிபார்ட்மெண்ட் கேக்கறதே இல்ல, ஒவ்வொரு ப்ரோக்ராம் பக்கத்துலயும் பாத்துக்கோங்க. எழுதறதா இருந்தா 2023 செப்டம்பர்லேருந்து டெஸ்ட் ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மி, ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும். டோஃபெல் (இங்கிலீஷ் டெஸ்ட்) ரெண்டு வருஷம்தான். இதுக்கு தனி இழை இருக்கு, இங்க வேணாம்.

#17 முடிவெடுக்காதவள்

ஒரு வாரமா சிஐடி வேலைதான் பாத்தேன்.

அ: ஆறு வருஷத்துக்கு முந்தின பக்கத்துல 11 ஸ்டூடண்ட்ஸ் பேர் இருந்துச்சு. 7 பேருக்கு தீசிஸ் கிடைச்சுது. அதுல 5 பேர் ஆறு வருஷத்துக்கு மேல எடுத்திருக்காங்க. மிச்சம் 4 பேர்ல ரெண்டு பேர் மாஸ்டர்ஸோட வெளிய போயிருக்காங்க, ரெண்டு பேர் எங்கேன்னு தெரியல. நன்றியுரை ஏழையும் படிச்சேன். பழையலேப்வாசி அக்கா சொன்ன மாதிரியே ஒரே போஸ்ட்டாக் பேர் மூணு தீசிஸ்ல வருது, அவர் இப்ப அங்க இல்ல.

அ லேப் ஸ்டூடண்ட் ஒருத்தர்கிட்ட வீடியோல பேசினேன். கடைசியா ப்ரொஃபசர்கிட்ட தனியா எப்ப பேசினீங்கன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, நான் நெட் கட் ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் "குரூப் மீட்டிங்ல வாரா வாரம் பாக்கறோமே"ன்னார். மறுநாள் அவரே மெசேஜ் போட்டார், லேப்ல உக்காந்து பேச முடியல, வேற நம்பர்லேருந்து கூப்பிடட்டுமான்னு. கூப்பிட்டு என்ன சொன்னார்னு இங்க எழுத மாட்டேன், ஆனா பாதியில்இறங்கியவன் அண்ணா கதைல ஊர் பேர் மட்டும்தான் மாறுது.

ஆ: இங்க துப்பறிய ஒண்ணுமே இல்ல, இன்னும் யாரும் முடிக்கவே இல்லையே. ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு, ரெண்டாவது வருஷம், அவங்க சொன்னது, "அவர் ராத்திரி பன்னண்டு மணிக்கு ஸ்லாக்ல (லேப் சாட் ஆப்) கேள்வி போடுவார், காலைல பாத்தா போதும்னும் போடுவார், ஆனா பாக்காம தூங்க முடியுமா சொல்லு." டிராஃப்ட் அஞ்சு நாள்ல திரும்பி வந்துச்சாம், சிவப்பா, அவங்க எழுதினதுல பாதிதான் மிஞ்சிச்சாம். லேப்ல சொந்தமா ஒரே ஒரு க்ளவ்பாக்ஸ் (காத்து படாம கையுறை வழியா வேலை செய்யற மூடின பெட்டி).

#18 பழையலேப்வாசி

நல்லா பண்ணியிருக்கே. ஒரு எச்சரிக்கை மட்டும். ஆ ல யாரும் விட்டுட்டு போகலைங்கறத நல்ல சாட்சின்னு எடுத்துக்காதே, அங்க சாட்சியே இன்னும் பொறக்கல. பன்னண்டு மணி ஸ்லாக் நாலு பேர் இருக்கறப்ப அக்கறை, டென்யூர் (ப்ரொஃபசருக்கு வேலை நிரந்தரமாகறது) நெருங்கறப்ப அதே மெசேஜ் நெஞ்ச அடைக்கும்.

டென்யூர் பத்தி கேட்டியா? பெரும்பாலும் ஆறாவது வருஷம் முடிவாகும். அவர் இப்ப மூணாவதுன்னா நீ மூணாவது வருஷம் படிக்கறப்ப அவர் தலைக்கு மேல கத்தி தொங்கும். கிடைக்கலைன்னா அவர் வேற இடம் போகணும், நீயும் கூட போறதா, அங்கேயே வேற கைடு பாக்கறதான்னு வரும். இதை நேரடியா அவர்கிட்டயே கேளு. இதுக்கு கோவப்படற ஆள்னா அதுவே பதில்.

#19 சோதனைக்குழாய்

கண்ண மூடிட்டுன்னு சொன்னதுக்கு ஸாரிங்க. ஆனா அஞ்சு வருஷ ஃபண்டிங் உறுதின்னு எழுத்துல இருக்கறத விடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. அ ல டிபார்ட்மெண்ட்டுக்குத்தானே அட்மிஷன், அந்த ப்ரொஃபசருக்கு இல்லையே, வேற லேப் பாக்கலாமே?

#20 பழையலேப்வாசி

இது சரியான கேள்வி, நான் கேக்க மறந்தது. முடிவெடுக்காதவள், அ ல சாலிட் எலக்ட்ரோலைட் பக்கம் வேற யார் யார் இருக்காங்க, அவங்க இந்த வருஷம் ஆள் எடுக்கறாங்களா? ஆ லயும் அதேதான். ஒரே ஒருத்தர நம்பி எந்த இடத்துக்கும் போகாதே, பக்கத்துலயே ரெண்டாவது கதவு ஒண்ணு இருக்கணும்.

#21 முடிவெடுக்காதவள்

கேட்டேன், எல்லாத்தையும் கேட்டேன். வாய் வலிக்குது.

அ ல இன்னும் ஒருத்தர் இருக்கார், ரெண்டு வருஷத்துக்கு ஆள் எடுக்கலைன்னு மெயில் போட்டுட்டார்.

ஆ ல ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தர் பாலிமர் எலக்ட்ரோலைட், டென்யூர் ஆனவர், என் தீசிஸ் கமிட்டில இருக்க சம்மதம்னு சொன்னார். ப்ரோக்ராம் டைரக்டர் பதில் போட்டார். அஞ்சு வருஷம் வரைக்கும், ப்ரொஃபசர்கிட்ட கிராண்ட் இல்லைன்னா டிபார்ட்மெண்ட் டீச்சிங் அசிஸ்டண்ட்ஷிப் கொடுக்கும், வாரத்துக்கு 20 மணி நேரம், கோடைக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாதுன்னு. திருத்தின லெட்டர் வந்துச்சு, கோடை வரிய தவிர மத்தது எல்லாம் அதுல இருக்கு.

டென்யூர் பத்தி கேட்டப்ப ப்ரொஃபசர் சிரிச்சார். "இதை என் மொத ஸ்டூடண்ட் கேக்கல, நீங்க கேட்டீங்க, நல்லது"ன்னார். மூணாவது வருஷ ரிவ்யூ இப்பதான் முடிஞ்சுதாம், என்ன சொன்னாங்கன்னும் சொன்னார், எல்லாம் நல்லதா இல்ல, பேப்பர் இன்னும் வேணும்னு சொல்லியிருக்காங்க. கிடைக்கலைன்னா பாலிமர் ஆளுதான் உங்கள எடுத்துக்கணும்னு இப்பவே பேசி வச்சிக்கலாம்னார்.

ஆ எடுக்கறேன். இ க்கு நேத்தே வேணாம்னு எழுதிட்டேன். வீட்ல இன்னும் சொல்லல. அ க்கு எப்படி எழுதறதுன்னு தெரியல, அவ்வளவு பெரிய ஆளுக்கு வேணாம்னு எழுத கை நடுங்குது.

#22 நீலப்பேனா

நாலு வரி போதும். ஆஃபருக்கு நன்றி, வேற இடத்துல சேர முடிவு பண்ணியிருக்கேன், பேச நேரம் கொடுத்ததுக்கு நன்றி, அவ்வளவுதான். காரணம் எழுதாதீங்க, கேட்டாலும் ஆராய்ச்சி பொருத்தம்னு சொல்லுங்க. ஆ க்கு ஒத்துக்கிட்டு உறுதியான பதில் வந்தப்புறம் அ க்கு அனுப்புங்க, வரிசை முக்கியம். ஆனா 15ம் தேதி வரைக்கும் இழுக்காதீங்க, அங்க வெயிட்லிஸ்ட்ல யாரோ ஒருத்தர் நிமிஷத்துக்கு ஒருக்கா மெயில ரிஃப்ரெஷ் பண்ணிட்டு இருப்பாங்க.

#23 முடிவெடுக்காதவள்

அனுப்பிட்டேன். பெரிய தலைகிட்டேருந்து ஒன்பது நிமிஷத்துல பதில், "வாழ்த்துக்கள், அங்க அவர் நல்ல வேலை பண்றார்". இவ்வளவுதானா! இதுக்கா நாலு நாள் தூங்காம இருந்தேன்.

#24 எறும்புப்புற்று

ஒன்பது நிமிஷமா? எங்க ப்ரொஃபசர் பதில் போட எனக்கு ஒன்பது நாள் ஆகும். வாழ்த்துக்கள் :)

#25 முடிவெடுக்காதவள்

பத்து மாசம் கழிச்சு வர்றேன், ரெண்டு மூணு பேர் தனிச்செய்தில கேட்டதால.

எல்லாம் ஜோர்னு எழுத ஆசைதான். அந்த ஒரே க்ளவ்பாக்ஸ்ல ஆக்சிஜன் ஒரு பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கீழ இருக்கணும், டிசம்பர்ல ஒரு கையுறைல ஊசி ஓட்டை விழுந்து மூணு வாரம் ரீடிங் ஏறிக்கிட்டே இருந்துச்சு, சாம்பிள் பெல்லட் எல்லாம் வீணா போச்சு. ஓட்டைய கண்டுபிடிச்சது நான்தான், சோப்புத் தண்ணி தடவி. கோடைக்கு ஃபண்டிங் இருக்கான்னு இன்னும் தெரியல, மெயில் போட்டிருக்கேன். ராத்திரி பன்னண்டு மணி ஸ்லாக் உண்மைதான், நான் இப்ப போன அடுத்த ரூம்ல வச்சிட்டு படுக்கறேன்.

என் டெஸ்க் டிராயர்லயும் ஒரு பழைய நோட்புக் இருந்துச்சு அண்ணா. தொறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் திக்குன்னு இருந்துச்சு. ப்ரொஃபசரோடது, போஸ்ட்டாக் காலத்துது. இதுல எந்தெந்த சாம்பிள் வேலை செய்யலைன்னு தெரிஞ்சிக்கோன்னு வச்சிருக்கார்.

#26 பாதியில்இறங்கியவன்

எத்தனையாவது பேட்ச் வரைக்கும் கறுப்பு?

#27 முடிவெடுக்காதவள்

31.